என் கையால் பிதுக்கிய பருப்பு

காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம் எல்லோரும், "இப்ப நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போகிறார்கள். எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது? அதனால் நடந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். காகிதத்திலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. தைரியமாகக் கிட்டே வைத்துப் படிக்கலாம்.

பிரேசர் டவுனில், பேக்கரிக்குப் பின் சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேக்கரியில்தான் அடுப்பு வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். எங்களுக்கு ஒரே மகள், மல்லிகா. எனக்கு நோய் கண்டபோது அவளுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை.

பெங்களூரில் குளிர்காலம் வந்தால் அவரைக்காய் வரும். பனியில் நனைந்த காய்க்கு எண்ணெய் தடவினது போல ஒரு பிசுக்கும் ஒரு வாசனையும் உண்டு. கன்னடக்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பேர்தான் வாயில் வருகிறது. காயை உரித்துக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும். அதுதான் பிதுக்கம்பருப்பு. ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் ஒரே குண்டானுக்குள் போகும். எனக்கு வருஷத்துக்கே பண்டிகை அதுதான்.

அப்படி ஒரு காலையில் மல்லிகாவை மடியில் வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இருந்த இருமல்தான் வந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குண்டானில் வெள்ளைப் பருப்பின் மேல் சிவப்பாக விழுந்தது. குழந்தை அதை எடுக்கக் கை நீட்டினாள். என் வீட்டுக்காரர் அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் அவள் என் மடியில் உட்கார ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தின் கதைதான் இது.

சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் அடித்ததும், ரவிக்கை ஊசியில் நூல் கோக்கக்கூட மூச்சு வாங்கியதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கடைத்தெரு டாக்டர், "பொம்பளைங்களுக்கு வர்ற பலவீனம்" என்று சிவப்புத் தண்ணீராக மருந்து கலந்து கொடுத்தார். நான் பலவீனமா இல்லையா என்று என் தையல் மிஷினைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். ரத்தம் வந்தபிறகுதான் அந்த மனிதர் என்னைத் தலை நிமிர்ந்து பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னவர், நாங்கள் படியிறங்குமுன் நாற்காலியைத் துடைக்கச் சொன்னதும் காதில் விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே. வராந்தாவில் நீளமான பெஞ்சுகள். இருமுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் இருமுவதைப் பார்த்துத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். நோயாளிக்கே நோயாளி மேல் அருவருப்பு. எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, பூதக்கண்ணாடியில் கிருமி தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால் 'பாசிட்டிவ்', தெரியாவிட்டால் 'நெகட்டிவ்'. நான் பாசிட்டிவ். வலது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு குழி விழுந்திருக்கிறது என்றார்கள். எனக்கு முதலில் புரிந்தது குழி என்ற ஒரு வார்த்தைதான். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். அத்தனை பேர் எதிரில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை, இதற்குப் போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்றே என்று அழுகையாக வந்தது.

வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன், வரப்போகிறவர்களுக்கு உதவும். புதிதாக வந்திருக்கிற ஊசி மருந்தை இடுப்பில் போடுவார்கள். காதில் வண்டு பறக்கிற மாதிரி ரீங்காரம் இருக்கும், எழுந்தால் தலை சுற்றும். கூடவே பொடியாக ஒரு மருந்து. வயிற்றைப் புரட்டும், சாப்பிட்டாக வேண்டும். பிறகு 'காற்று ஏற்றுவது'. விலா எலும்புக்கு நடுவில் ஊசியைச் செருகி, நுரையீரலுக்கு வெளியே காற்றை விடுவார்கள். நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், குழி மூடும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஊசி உள்ளே இறங்கும்போது மூச்சை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. ஊசி மருந்துக்கு என் வீட்டுக்காரர் என்ன பாடு பட்டார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் மானம்.

மல்லிகாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கவயலிலிருந்து பொன்னம்மா அண்ணி வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா. சுரங்க வேலை பார்த்த புருஷனையும் ஒரே மகனையும் இழந்தவள். வந்தது பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த கோபத்தின் கதை வேறு. வார்டில் முதல் நாளே பெரிய டாக்டர் படுக்கையருகே வந்து, "வீட்டு நெனப்பே கூடாது. வீட்டை மறந்தாத்தான் சீக்கிரம் குணமாகும். மனசைச் சந்தோஷமா வெச்சுக்கணும்" என்றார்.

"வீட்டை மறந்துட்டு எதை நெனச்சு சார் சந்தோஷப்படறது?" என்றேன்.

"ஜன்னல் வழியா பாருங்க. இயற்கை இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதையே விஸ்தாரமாகச் சொல்ல வாரத்துக்கு ஒரு முறை மாதர் சங்கத்து அம்மாள் ஒருத்தி வருவாள். பட்டுப் புடவை, வாசனை போட்ட கைக்குட்டை. வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே, ஒரு இலையைப் பார்த்தால்கூட ஆனந்தப்படக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆனந்தம் எங்கும் இருக்கிறது, நமக்குத்தான் கண் இல்லை என்பாள். நானும் இலையைப் பார்த்தேன். அது தைல மரத்து இலை. எனக்கு ஜலதோஷம்தான் ஞாபகம் வந்தது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. படுத்துக் கிடக்கிறவளுக்குச் சாப்பாட்டோடு புத்திமதியும் தட்டில் வைத்துத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

பக்கத்துக் கட்டில் கௌரம்மா, ஹொசகோட்டே பக்கத்துக்காரி. அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், ஒரு குறையும் இருந்ததில்லை. ஒரு நாள் அவள் ஜாடை காட்டினாள். ஜன்னலில் ஒரு அணில். என் தலையணையின் கிழிசலிலிருந்து பஞ்சை இழுத்து, உருட்டி, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு மரத்துக்கு ஓடிற்று. திரும்பி வந்தது. மறுபடி இழுத்தது. அந்தத் தலையணையில் எத்தனை பேர் இருமியிருப்பார்கள். அந்த ஜீவனுக்கு ஒரு விசாரமும் இல்லை, குட்டிக்கு மெத்தை வேண்டும், அவ்வளவுதான். மூச்சு வாங்கும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு தினமும் அது வரும் நேரத்துக்குக் கிழிசலை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். சங்கத்து அம்மாளிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் உபதேசம் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, புரண்டுகூடப் படுக்கக்கூடாது. டாக்டர் மறக்கச் சொன்ன வீட்டுக்கு நான் அந்த நேரத்தில்தான் போவேன். கதவுத் தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பிப்பேன். அது லேசில் நகராது, கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே போய் மூலை மூலையாகப் பெருக்குவேன். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அது எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறது என்று ஒரு நாள் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வருஷக்கணக்காக அதன் கீழே நின்று சமைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன்.

"செவுத்து வெடிப்பா? அதையெல்லாம் யாரு பாத்தா" என்றார்.

"பாத்துக்கினு வந்து சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார். "எடது பக்கமா போயி, வெளக்கு வெக்கிற புறை கிட்ட வந்து நிக்குது. அதுல பல்லி முட்டை வெச்சிருக்குது, சரோஜா. ரெண்டு. சின்னதா, சீனி மிட்டாய் மாதிரி."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நான் ஒன்று கேட்பேன், அவர் பார்த்து வருவார். கொல்லையில் முருங்கை துளிர்த்துவிட்டதா? தண்ணீர்த் தொட்டியில் காலை வெயில் எவ்வளவு நேரம் நிற்கிறது? மல்லிகா தூங்கும்போது எந்தக் கை மேலே இருக்கிறது? வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்கிற மனிதர் அவர். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவு பேசியதே இல்லை. "இப்பல்லாம் நீ கேக்காததையும் பாக்குறேன்" என்று ஒரு தரம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். எனக்குக் குணமாக ஆரம்பித்தது அப்போதுதான் என்பேன். டாக்டர் ஊசி மருந்தால் என்பார். இருந்துவிட்டுப் போகட்டும்.

குளிர் ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு அவர் கிட்டே வரும்போதே சட்டைப்பையில் சொகடு வாசனை. முதல் அவரைக்காய். ஒரு கைப்பிடி கொண்டு வந்திருந்தார். கௌரம்மாவும் நானும் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி, ஒவ்வொரு காயாக உரித்தோம். கம்பளி கையை மறைத்தது, வாசனையை மறைக்குமா? வார்டு பூராவும் பரவிவிட்டது. தலைமை நர்ஸ் வந்து கம்பளியைத் தூக்கினாள். ஓய்வில் இருக்க வேண்டியவள் வேலை செய்தாளாம். காயெல்லாம் குப்பைக்குப் போயிற்று. என் கட்டிலையும் ஜன்னலிலிருந்து எடுத்துச் சுவரோரம் போட்டார்கள். ஆனந்தப்படு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், நான் ஆனந்தப்பட்டதைக் கண்டுபிடித்து எனக்குத் தண்டனை கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் எனக்கு ஜுரமே ஏறியது.

மார்கழியில் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழி மூடிவிட்டது. சளியிலும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்களாம், கிருமி இல்லை. "நெகட்டிவ். வீட்டுக்குப் போகலாம். மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க, மாசாமாசம் வந்து காட்டுங்க" என்றார். "குழந்தை..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கை அடுத்த எக்ஸ்ரேக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். தாழ்ப்பாளை நான் தொடவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது. அண்ணி வீடு பூராவும் கந்தகப் புகை போட்டு, சுண்ணாம்பு அடித்திருந்தாள். என் வெடிப்பு இல்லை. பூசி மூடிவிட்டாள். என் மெத்தை, ஊசிகள் செருகுகிற சின்னத் திண்டு, தைத்து வைத்த துணி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டாள். கொல்லையில் தகரக் கொட்டகையில் எனக்குப் புதுப் பாய். சிவப்புக் கயிறு கட்டின தட்டு, சிவப்புக் கயிறு கட்டின டம்ளர். மல்லிகா அண்ணியின் முந்தானைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட போவக்கூடாது" என்று எனக்கே சொன்னாள்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா நேத்துதான் செஞ்சிச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றார்.

"எனக்குக் கிருமி இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி" என்றேன்.

"சொல்லுவாங்க."

"அப்ப என்னைப் பொய்க்காரின்றியா?"

"உன்னைச் சொல்லல. டாக்டரைச் சொல்றேன்." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "எம்புருஷனுக்கும் தங்கவயல்ல ஒரு டாக்டர் சொன்னான். நெஞ்சு சுத்தமாயிடுச்சு, ஒண்ணுமில்லேன்னான். நான் நம்பிட்டேன். எம்புள்ள தெனம் அவரு நெஞ்சு மேலதான் படுத்துத் தூங்குவான். மொதல்ல அவரு போனாரு. பொங்கலுக்குள்ள புள்ளயும் போயிட்டான்."

மகன் ஜுரத்தில் போனான் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். வேறு யார் மேல் போக வேண்டுமோ அவர்கள் மேல் போயிற்று. சந்தோஷமாக இரு என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. மல்லிகாவை மடியில் வைத்துக்கொள்ளலாம், இன்ன ஜாக்கிரதையோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாய் வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் நேரம் இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் நான் கொட்டகையில் கிடந்தேன்.

மூன்று கல்லை வைத்துக் கொட்டகையிலேயே அடுப்பு மூட்டினேன். தெருவில் கூடைக்காரியிடம் அவரைக்காய் வாங்கி, ஊறவைத்து, தன்னந்தனியாகப் பிதுக்கிக் குழம்பு வைத்தேன். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் காலையிலும் அப்படியே வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி அண்ணி முன்னால் வைத்தேன்.

"என் கை பட்டது. நீ சாப்பிட மாட்டே, தெரியும். அந்த டாக்டரைச் சாப்பிடச் சொல்லு. அவரும் மாட்டேன்னா ஆயுசுக்கும் நான் கொட்டகையிலயே இருக்கேன்."

அண்ணி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

பெரிய டாக்டரின் மேஜைமேல் அவள் தூக்கை வைத்து மூடியைத் திறந்தாள். "இவ கையால பிதுக்கி, இவளே காச்சின கொழம்பு. சாப்பிடுங்க சார்."

"கொதிச்சா கிருமி செத்துடும்மா. இதுல என்ன பரீட்சை?" என்று டாக்டர் சிரித்தார்.

"அப்ப சாப்பிடறதுக்கு இன்னா யோசனை?" என்றாள் அண்ணி.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார். ஸ்பூன் கேட்டு வாங்கி ஒரு வாய் எடுத்தார், இன்னொரு வாய் எடுத்தார். அவர் முழுங்குகிறாரா என்று அண்ணி தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு கம்மி" என்றார் டாக்டர். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு கேக்குறேன்" என்றாள் அண்ணி. "உங்க கொழந்தையா இருந்தா இவ மடியில உடுவீங்களா?"

அத்தனை மாதமும் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்தவர், எக்ஸ்ரேயைப் பார்த்தவர், அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "விடுவேன்" என்றார். "இருமல் வந்தா வாயை மூடிக்கணும். மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. மாசாமாசம் காட்டணும். அதெல்லாம் செஞ்சா, விடுவேன்." வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி அதையே கன்னடத்திலும் ஒரு முறை சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லவா இவ்வளவு பாடு?

வழியில் அண்ணி கடைத்தெருவில் நின்று அவரைக்காய் வாங்கினாள். ராத்திரி எனக்குப் பாய் வீட்டுக்குள் போட்டாள்.

மறுநாள் காலை குண்டானை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். மல்லிகா அண்ணியை ஒட்டிக்கொண்டு எனக்கு எதிரே இருந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் வராமல் போனால் தாங்கமாட்டேன் என்று பயம். கொட்டைகளின் வழவழப்பு, தண்ணீரின் சில்லிப்பு, கட்டைவிரல் அழுத்தினதும் பருப்பு நழுவி வெளியே வருகிற அந்த விதம், இதையெல்லாம் எத்தனை மத்தியானம் சுவரோரக் கட்டிலில் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். என் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு பிதுக்கினேன்.

மல்லிகா ஒரு கொட்டையை எடுத்து இரண்டு கையாலும் நசுக்கினாள். பருப்பு எகிறி வந்து என் கன்னத்தில் பட்டது. அவள் பயந்துபோய் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பிதுக்கிக்கொண்டே இருந்தாள். மல்லிகா இன்னொரு கொட்டையை எடுத்து, இந்தத் தரம் என்னைக் குறிபார்த்தே அடித்தாள். நான் சிரித்தேன். இன்னும் கிட்டே வந்தால்தான் குறி தப்பாது என்று குண்டானைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள், இடம் அதுதான் என்கிற மாதிரி, என் மடியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

அவள் அடித்த பருப்பு ஒன்று என் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கையை நீட்டி அதை எடுத்தாள். விரல் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குண்டானில் போட்டாள்.